குறுக்கே பேச ஓர் ஆள்

மூன்று வருஷத்துக்கு முந்தி, வைகாசி மாதம் நடந்தது இது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுதி முடிக்கவே நாலு நாள் ஆயிற்று. ஆனால் வீட்டுக்காரர் போன பிறகு, யார் தயவும் இல்லாமல் ஒரு மகனை ஆளாக்கியவள். கூலிக்குக் களை எடுத்த அதே காட்டில் இரண்டு ஏக்கரை விலைக்கு வாங்கியவள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

என் மருமகள் பட்டம் படித்தவள். உசிலம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. பொருளாதாரமும் மேலாண்மையும் சேர்த்துச் சொல்லித்தரும் மேற்படிப்பு ஒன்று மதுரையில் இருக்கிறது, அதில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நிறையப் பேர் பரீட்சை எழுதுவார்கள், கொஞ்சப் பேரைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், அதிலும் பாதிக்கு மேல் வெறும் கையோடு திரும்புவார்கள். முந்தின வருஷம் அப்படித் திரும்பியவர்களில் இவளும் ஒருத்தி. கேள்வி கேட்டவர்களில் ஒருவர், இவள் பேசப் பேசக் குறுக்கே வெட்டினாராம். அதோடு இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் அந்த நினைப்பையே விட்டுவிடுவதாக என் மகனிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "யாராச்சும் குறுக்க குறுக்க பேசிப் பழக்கிவிட்டா நல்லாருக்கும்" என்றாள்.

என் மகன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "அதுக்கு ஆளு வெளியயா தேடணும்? அம்மா முன்னாடி ஒரு வாரம் உக்காரு. அப்புறம் கலெக்டர் வந்தாலும் பேசிருவ."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

மறுநாளிலிருந்து சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்ததும் ஆரம்பம். நான் நாற்காலியில், அவள் எதிரே ஸ்டூலில். கேள்விகளைத் தமிழில் பெரிய பெரிய எழுத்தாக எழுதித் தந்திருந்தாள். அங்கே இங்கிலீஷில்தான் பேச வேண்டும், ஆனால் வெட்டுப்பட்டாலும் தடுமாறாமல் இருக்கத் தமிழில் பழகினால் போதும் என்றாள். கேள்வியைப் படிப்பது, பதில் பாதியில் இருக்கும்போதே "ஏன்?" என்று வெட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. முதல் நாள் இரண்டு வெட்டுக்கே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அசையாமல் உட்கார்ந்து, "முடிச்சிர்றேன் சார்" என்றாள். என்னைப் போய் சார் என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாலாம் நாள் தாளில் இருந்த கேள்வி, ஒரு பொருளின் விலை எதனால் விழுகிறது, உங்கள் ஊரிலிருந்து உதாரணம் சொல்லுங்கள் என்பது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் தக்காளி நல்ல விலை போச்சு. அதப் பாத்து போன வருசம் எல்லாரும் தக்காளியே போட்டாக. எல்லாக் காட்டுலயும் ஒண்ணா காய்ச்சு ஒண்ணா சந்தைக்கு வந்துச்சு. விலை விழுந்துருச்சு."

"ஏன் எல்லாரும் அதையே போட்டாக?"

"விலையப் பாத்தாக. பக்கத்துக் காட்டப் பாக்கல."

"அம்புட்டுப் பேர்ல ஒருத்தருக்குமா தெரியல?"

"ஒருத்தருக்குத் தெரியும்."

"தெரிஞ்சவுக ஏன் சொல்லல?" நான் வேகத்தில் இருந்தேன். வேலையில் அவ்வளவு ருசி வந்துவிட்டது எனக்கு.

அவள் மெதுவாக, "சொன்னேன் அத்தை. நீங்க முடிக்க விடல" என்றாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் தக்காளி நாற்று வாங்க நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "அத்தை, சுத்தி எல்லாருமே..." என்று வாயெடுத்தாள். "ஒனக்கு கம்ப்யூட்டருக்குள்ள காடு தெரியுதாக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். காய்த்தபோது பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. செடியோடு விட்டு மாட்டை அவிழ்த்துவிட்டோம். வியாபாரிகள் கூடிப் பேசிக்கொண்டு கெடுத்துவிட்டார்கள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். பக்கத்தில் நின்ற இவள் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டு நாள் நாற்காலிப் பக்கமே போகவில்லை.

நேர்காணலுக்கு முதல் நாள் காலையில் மாட்டுக் கொட்டத்துக்கு வந்து நின்றாள். "அத்தை, இதவிட நல்ல உதாரணம் கெடைக்கல. அங்க சொல்லவா? ஒங்களச் சொல்லாம சொல்லிர்றேன்."

படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து என் தப்பைக் கேட்பார்கள். சாணியை அள்ளிக்கொண்டே யோசித்தேன். வேறு ஏதாவது சொல் என்று சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். ஆனால் அந்த நாலாம் நாள் சாயங்காலம் சுவரைப் பார்த்துவிட்டு அவள் பேசின பேச்சு, அதற்கு முன் பேசின எதையும் போல இல்லை. அது எனக்கே தெரிந்தது.

"என்னச் சொல்லாமச் சொன்னா அது யாரோட கதையோ ஆயிரும். மாமியாதான் கேக்கலன்னு சொல்லு. ரெண்டு ஏக்கர் சொந்தமா வாங்குன மாமியான்னும் சேத்துச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள்.

மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான்தான் மதுரைக்குப் போனேன். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் காத்திருந்தேன். அவள் வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"குறுக்க பேசுனாகளா?"

"மூணு தடவ. முடிச்சிர்றேன் சார்னு சொல்லிட்டு முடிச்சேன்."

காளவாசலில் உசிலம்பட்டி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "கடைசியா அங்க இருந்த ஒரு அம்மா கேட்டாக அத்தை. ஒங்க மாமியா அதுக்கப்புறமாவது மாறுனாகளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இப்பல்லாம் என்ன போடலாம்னு எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போடுறாகன்னு சொன்னேன்."

நான் அவளிடம் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும். தன் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து, என்னை விட்டுக்கொடுக்காமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பஸ் செக்கானூரணியைத் தாண்டியது.

பிறகு கேட்டேன். "சரி, வர்ற ஆடிக்கு என்ன போடலாம்?"

கேலி செய்கிறேனோ என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். யார் யார் காட்டில் என்ன போடப் போகிறார்கள் என்று விசாரித்தே வைத்திருந்தாள். நடுவில் இரண்டு தடவை குறுக்கே பேச எனக்கு வாய் வந்தது. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடக்கினேன். அவள் முடித்தபோது பஸ் உசிலம்பட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அந்தப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது, படித்தும் முடித்துவிட்டாள். ஆனால் அன்று அவள் என்னைப் பற்றிச் சொன்ன பொய்யை மெய்யாக்குவது என்கிற படிப்பை மூன்று வருஷமாக நான்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடித்தபாடில்லை.