விலை இறங்கட்டும்

குணாளன் கணினிக்குப் போடும் மெமரி அட்டையின் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், ஓரத்தில் ஒட்டியிருந்த விலை. பிறகு அதைக் கண்ணாடிப் பலகையின் மேல் பூப்போல வைத்துவிட்டு, "துங்கு டுலு லா," என்றார். கடைக்காரர் சயீத் பெட்டியை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டினார். ஜொகூர் பாருவில் இருந்த அந்தக் கணினிக் கடைக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்து, அதே பெட்டியை எடுத்துப் பார்த்து, அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போவது குணாளனுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

'கொஞ்சம் பொறு' என்பதற்கு மலாயில் சொல்வதுதான் துங்கு டுலு. குணாளனுக்கு அது வேதவாக்கு. ஊரே டுரியான் தின்று ஏப்பம் விட்டு ஓய்ந்த பிறகுதான் அவர் வீட்டுக்கு டுரியான் வரும். தொலைக்காட்சி வாங்க இரண்டு வருடம் பொறுத்தார். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் கொடுத்ததில் பாதி விலைக்கு, அதைவிடப் பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வெற்றிக்கதையைக் கேட்காதவர்கள் அவர் குடியிருந்த பெர்மாஸ் ஜெயாவில் குறைவு. "கரண்டு சாமான் எல்லாம் இன்னைக்கு வாங்குனா இன்னைக்கே நஷ்டம் லா. நாளைக்கு வெல எறங்கிரும்," என்பார். பொறுத்தார் பூமியாள்வார் என்று முன்னோர்கள் சொன்னது மின்சாதனங்களை மனத்தில் வைத்துத்தான் என்று அவர் நம்பியதாகத் தெரிகிறது.

அவருக்கு வேலை, ஸ்கூடாயைத் தாண்டி ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டிகளைப் பராமரிப்பது. மண்டை பிளக்கும் வெயிலில் கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிற மனிதரைக் கண்டால் அது குணாளன்தான். உள்ளே வரிசை வரிசையாக ஆள் உயர அலமாரிகள், அவை நிறையக் கணினிகள். அவற்றுக்குச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எப்படிப் பாப்பம், அப்படிப் பாக்கணும்," என்று பெருமையாகச் சொல்வார். வீட்டில் இருந்த ஒரே கணினிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தக் கணினி அவர் மனைவி கஸ்தூரியுடையது. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், எடுத்த படங்களை வெட்டி ஒட்டி, நாதஸ்வரம் சேர்த்து, பார்க்கும்படி ஆக்கிக் கொடுப்பார். புதிய கேமராக்கள் வந்த பிறகு படங்கள் கனத்துப் போயின. கணினியின் மெமரி போதவில்லை. சின்ன மேசையில் பெரிய துணியை விரித்து வெட்டப் பார்க்கிற தையல்காரியின் பாடுதான் கஸ்தூரிக்கு. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைவார். திரும்பி வந்தால் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "சோறு வெந்துரும், இது வேகாது," என்பார்.

பக்கத்து வீட்டு ஐயாசாமிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது அந்தச் சமயத்தில்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குணாளனுக்கு அண்ணன் மாதிரி. அவர் மனைவி தனலெட்சுமி சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பதற்கும் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிற முகம். கோயிலில் ஐயாசாமி மறுபடி தாலி கட்டியபோது மனைவி தலையில் இருந்த பூச்சரத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மண்டபமே பார்த்துச் சேர்ந்து சிரித்தது. ஐயாசாமி மட்டும் பார்க்கவில்லை. ஓமப்புகை கண்ணில் ஏறி, அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பாத்துட்டாங்க குணா. கட்டுனவன் நான் பாக்கல," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். கேமராக்காரர் அந்தச் சிரிப்பைப் பிடித்திருந்தார். கஸ்தூரி ஒருநாள் ஐயாசாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த இடத்தை மட்டுமாவது காட்டிவிடப் பார்த்தார். படம் நொண்டி நொண்டி வந்து, ஐயர் கையை உயர்த்திய இடத்தில் நின்றுவிட்டது.

"அலமாக்! ஐயரு கைய எறக்கவே மாட்டேங்குறாரே," என்றார் ஐயாசாமி.

கஸ்தூரிக்கு அவமானமாகப் போய்விட்டது. "என்னாங்க, அந்த மெமரிய வாங்கிட்டு வாங்களேன். எத்தன தடவ கேக்கறது?"

"வருசக் கடைசில சேல் போடுவான். துங்கு டுலு."

கஸ்தூரி பதில் சொல்ல வாயெடுத்தார். ஐயாசாமியே முந்திக்கொண்டார். "குணா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். வெல எறங்கட்டும். நான் எங்க ஓடிப் போறேன்?"

வருடக் கடைசி வந்தது. விலை இறங்கவில்லை, ஏறியது. குணாளன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியைப் புரட்டிப் பார்த்து, விலைச்சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டார்.

"சரியான வெலதாண்ணே," என்றார் சயீத். "சரக்கே வரமாட்டேங்குது. எல்லாம் டேட்டா சென்டருக்குப் போவுதாம். நீங்க வேல செய்யற மாதிரி எடத்துக்குத்தான்."

"ஏறுனது எறங்கித்தானே ஆவணும்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். வாங்கறதுன்னா இப்பவே வாங்கிருங்க."

குணாளன் வாங்கவில்லை. இத்தனை மாதம் பொறுத்துவிட்டு ஏறிய விலைக்கு வாங்குவதா என்ற வீம்பு. சீனப் பெருநாளுக்குத் தள்ளுபடி வரும் என்று மனத்துக்குள் ஒரு தவணை போட்டுக்கொண்டார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதும் நம் முன்னோர் சொன்னதுதான். அது அவர் காதில் விழவில்லை. ஐயாசாமி வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நம்ம படம் எப்படி இருக்கு குணா?" என்பார். "வந்துரும்ணே," என்பார் இவர்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் ஐயாசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குணாளன்தான் வாடகைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் உடலைத்தான் கொண்டுவர முடிந்தது.

யாரும் குணாளனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஸ்தூரிகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இழவு வீட்டில் நாற்காலி போட்டார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், தோள் கொடுத்தார். எதிலும் மனம் நிற்கவில்லை. வேலிப்பக்கம் போகும்போதெல்லாம் 'நான் எங்க ஓடிப் போறேன்' என்ற குரல் கேட்டது.

அடக்கம் முடிந்த பிறகு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றார். சயீத் கதவைத் தூக்கியதும், "அத எடு," என்றார்.

"அண்ணே, இப்ப உச்சத்துல இருக்கு. இத்தன நாள் பொறுத்தீங்க, இன்னும் கொஞ்சம்..."

"எடுன்னு சொல்றேன்ல."

முதன்முறையாக அவர் விலையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். தூசியை ஊதினார். புதிய அட்டையைப் பள்ளத்தில் பொருத்தி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. வேலை முடிந்துவிட்டது. அடுப்பில் கஸ்தூரி வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. இவ்வளவுதானா, இதற்குத்தானா அந்த மனிதரைக் காக்க வைத்தோம் என்று நினைத்தார் குணாளன். திருப்புளியைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

கஸ்தூரி வந்து கணினியைப் போட்டார். ஐயர் கையை இறக்கினார். மேளம் முழங்கியது. "இப்ப நல்லா ஓடுதுங்க," என்றார் கஸ்தூரி. வார முடிவுக்குள் முழுப்படமும் தயாராகிவிட்டது.

தனலெட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று குணாளன் தீர்மானித்தார். என்ன சொல்வது என்று மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் தலைக்கவசத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'என்னாலதான் அண்ணி. நாந்தான் வாங்காம விட்டேன்.' சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்று, பின்னால் வந்தவர்களிடம் ஹாரன் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் வாய் எழவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் நின்று, "சாப்ட்டீங்களா அண்ணி?" என்று கேட்பதோடு சரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தனலெட்சுமியே வந்தார். "அந்தப் படத்தப் போடு கஸ்தூரி," என்று சொல்லிக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். குணாளன் கதவோரம் நின்றார். படம் தடங்கலே இல்லாமல் ஓடியது. மாலை மாற்றினார்கள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று குணாளன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அண்ணி..."

தனலெட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "ஒக்காரு தம்பி. சிரிச்ச எடம் இப்ப வரும். அவருக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாச்சும் நல்லாப் பாரு."

குணாளன் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் கையெட்டும் தூரத்து முகம்கூட அவருக்கு வெறும் மங்கல்தான். திரையில் ஐயாசாமி முடிச்சுப் போடக் குனிந்தார். அவர் பார்க்காத சிரிப்பு அடுத்து வரும். குணாளன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.