கூரைமேல் காய்ந்த இடுக்கி

மனிதனின் கைப்பலம் டார்ச் லைட்டில் போடும் செல்லைப் போன்றது, பிறக்கும்போதே போட்டு அனுப்பிவிடுகிறார்கள், செலவானால் தீர்ந்தது என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை வைத்து, கட்டிங் பிளேயரும் ஸ்பேனரும் விற்கிற ஆள் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

நம்பிக்கைக்கு ஆதாரம் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரைமேலேயே இருந்தது. வெளிச்சம் மங்கினால் அப்பா செல் இரண்டையும் கழற்றிக் கூரைமேல் வெயிலில் வைப்பார். சாயங்காலம் திரும்பப் போட்டால் இன்னும் ஒரு நாள் எரியும். செல்லுக்கே அப்படி என்றால் கைக்கும் அப்படித்தானே இருக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதற்குமேல் இல்லை.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி வேலை. விதைப்புக்கு முன்னால் நிலத்துக்காரரின் மல்லாட்டை மூட்டைகள் எங்கள் வீட்டில் வந்து இறங்கும். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். விதைக் கடலையை மெஷினில் போட மாட்டார்கள். பருப்பின் மேல்தோல் கிழிந்தால் முளைக்காது. அதனால் காயில் தண்ணீர் தெளித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதன் மூக்கை வைத்து ஓர் அழுத்து. டப். ஒரு காய்க்கு ஒரு டப். ஒரு மூட்டைக்கு எத்தனை டப் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தெரிந்த வாய்ப்பாடு போதவில்லை.

அந்த வருஷம் மூன்று மூட்டை. “வியாழக்கிழம சாயங்காலம் வண்டி வரும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற வூட்டுல எறக்கிக்கறேன்” என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேறு வீட்டுக்கு ஒரு முறை போன மூட்டைக்கு, அடுத்த வருஷம் எங்கள் வீட்டு வழி மறந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் அம்மாவின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது. கட்டை விரலின் அடியில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

“கையில சத்தே இல்லங்க” என்றாள் அப்பாவிடம். “ரெண்டு மூட்டதான் ஆயிருக்குது. அதுக்குள்ள எல்லாம் தீந்துபோச்சு.”

அம்மா தன் பலத்தை எதில் எல்லாம் செலவழித்தாள் என்று கணக்குப் போட்டேன். என் முதுகில் செலவழித்தது மட்டுமே இரண்டு மூட்டை உரிக்கப் போதும். ஆக, அந்தக் கையைத் தீர்த்தவன் நான்தான்.

முதல் வேலையாக என் வலது கையைச் சேமிப்பில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்து எழுதவில்லை. வாத்தியார் பிரம்போடு வந்தார். இடது கையை நீட்டினேன்.

“வலது கைய நீட்டுடா.”

“அது வேணாம் சார். இதுலயே எவ்ளோ வேணா அடிங்க.”

அடிக்காமலே போய்விட்டார்.

அடுத்து, அம்மாவை வாசலில் உட்காரவைத்து, உள்ளங்கையை மேலே திருப்பி வெயிலில் வைத்தேன்.

“இன்னாடா பண்ற?”

“சும்மா வையி. தானா ஏறும்.”

கை சுடும்வரை வைத்திருந்துவிட்டு, “புள்ளைக்கு இன்னா பாசம் பாரு” என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா வேறு வழியில் இறங்கினார். முதலில் பாக்குவெட்டி வந்தது. பருப்பு இரண்டானது. சைக்கிள் கடையிலிருந்து பிளேயர் வந்தது. பருப்பு பலவானது.

“அவரு வெதை கேட்டாரா, சட்னி கேட்டாரா?” என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை கச்சிராயபாளையம் பக்கம் வேலைக்குப் போனவர், கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பச்சை மூங்கிலில் ஒரு பட்டை வாங்கிவந்தார். நெருப்பில் வாட்டி, இரண்டாக மடித்து, விரல் நீளத்துக்கு ஓர் இடுக்கி செய்தார். அம்மா பத்துக் காய் உடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“மறுபடியும் இந்த ரெண்டு வெரலத்தான் சாவடிக்கிறீங்க. மத்த மூணும் குந்திக்கினு வேடிக்க பாக்குது. அதுங்களுக்கும் வேல குடுங்க.”

அப்பா சாண் நீளத்துக்கு இன்னொன்று மடித்தார். களைக்கொத்தின் பிடியைப் பிடிப்பதுபோல ஐந்து விரலும் மூடிப் பிடிக்கலாம். மூங்கில் உள்ளங்கையை அறுத்தது. சைக்கிள் டியூபைச் சுற்றினார்கள். காயை மடிப்பை ஒட்டி உள்ளே தள்ளி வைத்தால் பாதி அழுத்தத்திலேயே உடைகிறது என்று அம்மா கண்டுபிடித்தாள். உடைந்தது, கூடவே பருப்பும் நசுங்கியது. இப்போது பலம் அதிகமாகிவிட்டதாம். நடுவில் ஒரு தடை இருந்தால் ஓடு உடைந்ததும் இடுக்கி நின்றுவிடும். மெத்தென்று ஏதாவது வேண்டும். அம்மாவின் கண் வீட்டைச் சுற்றி வந்து, என் ரப்பர் செருப்பில் நின்றது. ஒற்றைச் செருப்பின் குதிகால் பக்கம் பாக்கு அளவு வெட்டி எடுத்து இடுக்கிக்குள் வைத்துக் கட்டினார்கள்.

டப். தோலில் ஒரு கீறல் இல்லாமல் பருப்பு விழுந்தது. புதன்கிழமை முழுவதும் டப் டப் டப்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு மட்டும் வேர்த்தது. இதுவரை இரண்டு விரல்தான் காலி. இப்போது ஐந்தையும் சேர்த்து எரிக்கிறாள். இந்த வேகத்தில் போனால் வியாழக்கிழமைக்குள் தோள்பட்டை வரைக்கும் காலி.

வியாழக்கிழமை காலை, அரை மூட்டை பாக்கி இருந்தது. அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, உரலின்மேல் ஏறி, இடுக்கியைக் கூரைமேல் செல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். செலவும் நிற்கும், சார்ஜும் ஏறும். தாயைக் காத்த தனயனாகப் பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டாவது பீரியடில்தான் மண்டையில் உறைத்தது. இடுக்கி இல்லையென்றால் அம்மா என்ன செய்வாள்? வீங்கிய அதே கட்டை விரலால் அரை மூட்டையையும் உரிப்பாள். சாயங்காலம் வண்டி வரும். ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினேன். ஓட்டைச் செருப்பு என்று பையன்கள் சிரிப்பார்களே என்று அதை வீட்டிலேயே விட்டிருந்தேன். வழியெல்லாம் மன்னிப்பு ஒத்திகை. அழுகையும் தானாக வந்துவிட்டது.

வாசலிலேயே கேட்டது. டப் டப் டப்.

அம்மாவின் கையில் ஒரு புது இடுக்கி. மிச்சப் பட்டையில் தானே மடித்து, நடுவில் ரப்பரும் கட்டியிருந்தாள்.

“பள்ளிக்கூடம் அதுக்குள்ள வுட்டாச்சா?”

“இடுக்கி...”

“பழச எலி தூக்கினு போயிடுச்சு போல. இது அதவிட நல்லா கீது. மூஞ்சி ஏன்டா அப்படி இருக்குது?”

“உன் கையில இன்னும் இருக்குதா?”

“இன்னா இருக்குதா?”

“என் கையப் புடிச்சி அமுக்கு. பாக்கறேன்.”

அமுக்கினாள். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான வலி எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

சாயங்காலம் வண்டி வந்தது. நிலத்துக்காரர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பருப்பை அள்ளிப் பார்த்தார். “அடுத்த வருஷமும் இங்கியே எறக்கிடறேன்” என்றார். வண்டி போன பிறகு அப்பா செல்களை எடுக்க உரலின்மேல் ஏறினார். இரண்டு செல்லோடும் ஓர் இடுக்கியோடும் இறங்கினார்.

“ஒன் எலி நல்லாத்தான் உரல் மேல ஏறுது” என்றார் அம்மாவிடம். இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள்.

தீர்ந்துபோக அந்தக் கையில் செல் எதுவும் இல்லை, ஐந்து விரல் செய்ய வேண்டியதை இரண்டு செய்துகொண்டிருந்தன, அவ்வளவுதான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. வெயில்தான் வேலை செய்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீக்கம் ஞாயிற்றுக்கிழமை வடிந்தது. அன்று மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டினேன். இரண்டு செருப்பிலும் குதிகால் பக்கம் ஓட்டை இருந்தது.