அறுவடை முடியட்டும் என்று விட்ட கண்

பங்குனி முதற்கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்குப் போய்வந்தேன். சுற்றுலா இல்லை, கண் பரிசோதனை. வயதானவர்களை இதே பாதையில் கூட்டிப்போகவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது, ஐந்து ஏக்கர் வயல். இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் நடந்த கண் முகாமில், கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, கட்டாயம் வவுனியா கிளினிக்குக்குப் போங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்போது நெல் முற்றி நின்றது. அறுவடை முடியட்டும் என்றார். பிறகு சிறுபோக விதைப்பு வந்தது. குளக்கட்டில் நிற்கும் யானையை வயலிலிருந்தே காட்டுகிற மனுசனுக்குக் கண்ணில் என்ன பிழை என்று நானும் விட்டுவிட்டேன். போன மாதம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை வலப்பக்க வாய்க்காலுக்குள் இறக்கினார். வெறியில் ஓட்டினார் என்று ஊர் சிரித்தது. அவர் குடிப்பதே இல்லை.

காலை 5.40 பஸ். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், ஆளுக்கு 220 ரூபாய். ஏழு மணிக்கே கிளினிக் வாங்குகளில் இருக்க இடமில்லை. எங்களுக்கு 43ஆம் இலக்கம்.

பதினொரு மணிக்கு, ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். இடக்கண்ணுக்கு அடிக்கடி அமத்தினார். வலக்கண்ணுக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆள் நித்திரையாகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"வெளிச்சம் தெரிஞ்சா அமத்துங்கோ, ஐயா" என்றா தாதி.

"தெரிஞ்சா அமத்துவன்தானே, பிள்ளை."



குளுக்கோமா என்றார் டொக்டர். நோகாமல் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னுமாம். நேரே உள்ளது கடைசிவரை தெரியுமாம். யானை தெரிந்தது அதனால்தான். போன பார்வை வராது. மிச்சத்தைக் காப்பாற்ற நாள் தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். அண்ணை வெளியே போனதும், அந்த நேரமே வந்திருந்தால் என்று கேட்டேன். பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பதோடு நிற்காமல், கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் வரலாம்; நானும் அடுத்த மாதம் போகிறேன். கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கும், மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பும் பஸ்ஸில் புளியங்குளம் தாண்டியதும் அண்ணை கேட்டார்.

"அண்டைக்கே வந்திருந்தா தப்பியிருக்குமோ?"

தெரியாது என்றேன்.

"அப்ப பரவாயில்லை" என்றார்.

நான் அவருடைய வலப்பக்கத்தில் இருந்தேன். மாங்குளம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அவருக்குத் தெரியவில்லை.