சூடு ஆறுமுன்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் "அஞ்சு நிமிஷம்". யாராவது மூச்சு வாங்க ஓடிவந்து கையை நீட்டினால் அவள் ரத்த அழுத்தம் பார்க்கவே மாட்டாள். "உக்காருங்க. அஞ்சு நிமிஷம் போகட்டும்" என்பாள். ஒருமுறை பெரிய டாக்டரே அவசரமாக வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்கும் அதே பதில்தான். அவரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். இருபது வருஷமாக அவள் எடுத்த அளவைத் தப்பு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

ஆனால் அந்த இருபது வருஷமும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. எந்தப் புண்ணும் முழுதாக ஆறி அவள் பார்த்ததில்லை. நாலு நாள் கட்டு மாற்றி, பாதி ஆறுவதற்குள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அதே கட்டிலில் வேறு ஆள், வேறு புண். அதனால்தான், வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றும் வேலைக்கு நர்ஸ் தேவை என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்றைக்கே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். சொந்த வண்டி இருக்க வேண்டும், முதல் நாலு மாதம் சோதனைக் காலம் என்று இரண்டு நிபந்தனைகள். ஓட்டத் தெரியும், வண்டிதான் இல்லை.

பழைய கார்கள் விற்கும் ஷோரூமுக்குக் கணவனையும் அழைத்துப் போனாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஒன்பது வயதான சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்றை விற்பனையாளர் காட்டினார். வழவழப்பான சிவப்பு டை கட்டியிருந்த அந்த மனிதருக்கு அப்போதே வீட்டில் "டைக்காரர்" என்று பெயர் விழுந்துவிட்டது.

"ஒரே ஓனர் மேடம். ஒரு டீச்சரம்மா. வீடு, ஸ்கூல், வீடு. வேற எங்கயும் போனதில்ல."

கணவன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"எப்படிங்க இருக்கு?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"கண்ணாடி எல்லாம் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

அந்த ஒரு சான்றிதழோடு வண்டி வீட்டுக்கு வந்தது. தொண்ணூறு நாள் வாரண்டி. "எது போனாலும் எங்க செலவு மேடம்" என்றார் டைக்காரர். காகிதத்தின் அடியில், கடையின் மெக்கானிக் நேரில் கண்ட கோளாறுகளுக்கு மட்டும் என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. லென்ஸ் தேய்ப்பவன் வீட்டிலும் அதை அன்று யாரும் படிக்கவில்லை.

முதல் வாரம் இடது பக்க ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கியது. மேலே வர மறுத்துவிட்டது. "நான் பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் கணவன். இரண்டாம் வாரம், இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹார்ன் தானாக அடித்தது. நடைபாதையில் போகிறவர்கள் யாரோ தெரிந்தவர் கூப்பிடுகிறார் என்று கையசைத்தார்கள். அவளும் பதிலுக்குக் கையசைத்துப் பழகிக்கொண்டாள். இந்த இரண்டையும் ஷோரூம் மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் சரிசெய்துவிட்டார். காதில் பென்சில் செருகிய அந்தக் கனத்த மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. "ஆச்சு" என்பார். அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம்தான் வண்டி நிஜமாகவே மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு வீட்டுக்குப் போய், ஊசி போட்டுவிட்டு இறங்கி வந்து சாவியைத் திருகினாள். செல்ஃப் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். கர், கர், கர். அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டவரே மாடியிலிருந்து இறங்கி வந்து, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார். "நீங்க போய்ப் படுங்க சார்!" என்று அதட்டி அனுப்பினாள். அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது.

இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு வாசலில் படுத்துக்கொள்ளும். அவள் வார்டில் காய்ச்சல் குறிக்கும் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, வண்டிக்கென்று ஒதுக்கினாள். எந்த வீடு, எத்தனை மணிக்கு நிறுத்தியது, எத்தனை மணிக்குத் திருகியது, கிளம்பியதா இல்லையா எல்லாம் பதிவானது.

"பேஷண்ட் பேர் எழுதலியா?" என்றான் கணவன்.

"கிண்டல் பண்ணாதீங்க. வயசு ஒம்பதுன்னு எழுதியிருக்கேன்."

"மாடி வீடா பாத்துத்தான் நிக்குது பாரு. உன்னை மாதிரியே அதுக்கும் முழங்கால் வலி போல."

மூன்று முறை ஷோரூமுக்குக் கொண்டுபோனாள். பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதரைக்கே போய்விடுவது அவள் வழக்கம். ஷோரூமுக்கு எதிரே ஒரு மரநிழல் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தி, தலையைச் சீவி, டப்பாவிலிருந்த ரொட்டியைத் தின்று முடித்து, பத்து அடிக்கும்போது உள்ளே நுழைவாள். மெக்கானிக் சாவியைத் திருகுவார். வண்டி சமர்த்துப் பிள்ளைபோல் கிளம்பும். இரண்டு தெரு ஓட்டிப் பார்ப்பார். கம்ப்யூட்டரை இணைத்துப் பார்ப்பார். "ஒண்ணுமில்ல" என்பார்.

மூன்றாம் முறை டைக்காரர் அந்த எறும்பு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "நாங்க கண்ணால பாக்கணும் மேடம். எங்க கிட்ட வந்தா தங்கமா ஓடுதே! நீங்க ஓட்டுற முறையில ஏதாவது..."

அவள் சண்டை போடுகிறவள் இல்லை. முகம் மட்டும் சிவந்து திரும்பி வந்தாள்.

அந்த வாரமே மேற்பார்வை அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். "மூணு மாசத்துல பதினோரு தடவை லேட். உன் வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது, உன் வண்டியிலதான் எல்லாக் குறையும். திங்கக்கிழமையிலிருந்து இன்னொரு தடவை ரவுண்டு பாதியில நின்னுச்சுன்னா வார்டுக்கே வந்துடு." தொண்ணூறாம் நாள் சனிக்கிழமை. ஷோரூம் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடைசி வீடு கப்பல் சமையல்காரருடையது. முப்பது வருஷம் கப்பலில் ஆக்கிப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். கணுக்காலில் எட்டு மாதமாக ஆறாத புண். கட்டு மாற்ற நாற்பது நிமிஷம் ஆகும். அதை ஆறவைத்து, கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டிருந்தாள். அன்று அவர் கீழே போய்த் தபாலை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவர், அப்படியே கையை நீட்டினார்.

"உக்காருங்க அண்ணே. அஞ்சு நிமிஷம் போகட்டும்."

"ஏன் தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம். உக்காந்திருந்தா நான் ராஜா. படி ஏறினாத்தான் நெஞ்சு படபடங்குது, கண்ணு இருட்டுது. நீ என்னை ராஜாவாக்கிட்டு, அப்புறம் பாத்து நல்லா இருக்கீங்கன்னு எழுதிட்டுப் போற. என் சீக்கை நீ என்னைக்குத்தான் பாக்கப் போற?"

அவள் சிரித்தபடி கையுறையை மாட்டினாள். ஒரு விரல் மாட்டியதும் நின்றுவிட்டாள்.

மரநிழல். ரொட்டி. அரைமணி நேரம்.

பையிலிருந்து வண்டியின் தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். ஊசி போட்ட வீடு, பன்னிரண்டு நிமிஷம்: கிளம்பவில்லை. தையல் பிரித்த வீடு, பத்து நிமிஷம்: கிளம்பவில்லை. சமையல்காரர் வீடு, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பது: எல்லா முறையும் கிளம்பியது. மூன்று மாதமாகத் தன் கையாலேயே எழுதிய தாள்!

"நான் அதை உக்கார வெச்சு உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன் அண்ணே!"

"யாரை?"

"வண்டியை!"

சமையல்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் அவருடைய அழுத்தத்தை இரண்டு முறை எடுத்தாள். வந்த மூச்சோடு ஒன்று, உட்கார்ந்தபின் ஒன்று. முதல் எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. "திங்கக்கிழமை டாக்டர் கிட்ட நானே சொல்றேன்" என்று குறித்துக்கொண்டாள். கட்டு மாற்றுவதில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. அதன்பின் மூன்று மாடியையும் அவள் இறங்கிய வேகத்தை முழங்கால்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அரைமணி நேர ஓட்டம். மரநிழலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய், ஷோரூம் வாசலை அடைத்தாற்போல் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். மார்பில் தலைகீழாகத் தொங்கிய நர்ஸ் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு இருபத்தெட்டு.

டைக்காரர் ஓடி வந்தார். "மேடம், இன்னைக்கு மூடப் போறோம், திங்கக்கிழமை நிதானமா வாங்களேன்..."

"திங்கக்கிழமை தொண்ணூத்திரண்டாவது நாள்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறக்கப் போனார்.

"தொடாதீங்க!"

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு உரக்க அவள் பேசி அவளே கேட்டதில்லை. "பத்து நிமிஷம் யாரும் தொடக் கூடாது. திறந்தா ஆறிடும்."

மெக்கானிக் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்குள், அன்றைக்குத்தான் ஒரு நீலக் கார் வாங்கிய தம்பதி அதை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் சாம்பல் நிறக் கார். டைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா..."

"இன்னும் ஆறு நிமிஷம்."

நீலக் கார்ப் பெண் இறங்கி வந்தாள். "என்னக்கா பிரச்சினை? இங்க வாங்கின வண்டியா?"

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா சர்வீஸ்!" என்று டைக்காரர் குறுக்கே விழுந்தார்.

கணவனும் தன் கண்ணாடிக் கடையிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். போனில் பாதி கேட்டுப் பாதி கேட்காமல் ஓடி வந்திருந்தான். "என்ன வேண்டிக்கணும், சொல்லு. ஸ்டார்ட் ஆகணும்னா, ஆகக்கூடாதுன்னா?"

"ஆகக்கூடாது."

"சரி, புரிஞ்சுது" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் திருகினார். கர், கர், கர். மறுபடி. கர், கர். என்ஜின் பிடிக்கவில்லை.

அவள் கைதட்டினாள். கணவன் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். தன் வண்டி செத்துப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் பெண்ணை நீலக் கார் தம்பதி வாய் பிளந்து பார்த்தார்கள்.

"வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குதே, எப்படியாவது எடுப்பா!" என்று டைக்காரர் மெக்கானிக்கிடம் கெஞ்சினார்.

"தள்ளணும்" என்றார் மெக்கானிக்.

வேறு வழி இல்லை. டைக்காரர் சிவப்பு டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுக் குனிந்தார். ஒரு பக்கம் லென்ஸ் தேய்ப்பவன், ஒரு பக்கம் நீலக் கார்க்காரர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் உள்ளே மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பட்டறைக்கு இடது பக்கம் திரும்பும்போது, பழக்க தோஷம், கையசைத்தும் விட்டாள்.

மெக்கானிக் அவளுடைய தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். "எங்க கிட்ட வந்தப்போ மட்டும் எப்படி?"

அவள் மரநிழலையும் ரொட்டியையும் சொன்னாள். சொல்லும்போதே காது சூடாயிற்று. "பேஷண்டை முதல்ல ஆசுவாசப்படுத்தணும்னு... பழகிப்போச்சு."

மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து, என்ஜினுக்குள் கைவிட்டு, கட்டைவிரல் அளவு கறுப்புப் பொருள் ஒன்றின்மேல் சுற்றிப் பிடித்தார். "காய்ச்சல்னா ஈரத்துணிதானே சிஸ்டர்? இது சென்சார். என்ஜின் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே இதுதான். சூடானா வாயை மூடிக்கும். வண்டி நின்னதும் அடியில சூடு இன்னும் ஏறும். பத்து நிமிஷத்துல உச்சம். அரைமணியில ஆறிடும்." அவர் பேசியதிலேயே அதுதான் மிக நீளமான பேச்சு. "இப்போ திருகுங்க."

திருகினாள். பிடித்துக்கொண்டது.

டைக்காரர் மூச்சு வாங்க ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கண்ணால பாத்தா மட்டும்தான்..."

"பாத்தேன்" என்றார் மெக்கானிக். காதிலிருந்த பென்சிலை எடுத்து, வேலைச் சீட்டில் பன்னிரண்டு ஐம்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். புதுச் சென்சார் அலமாரியிலேயே இருந்தது. ஒன்றரை மணிக்கெல்லாம் மாட்டியாயிற்று. "ஆச்சு."

எடுத்த பழையதை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆபரேஷனில் எடுத்த கல்லை நோயாளிக்குக் காட்டுவதுபோல, மூடிபோட்ட சின்னச் சோதனைக் குப்பியில் போட்டுத் தேதி எழுதி ஒட்டினாள். போகிற வழியில் நீலக் கார்ப் பெண் அவள் கையைப் பிடித்து, "அக்கா, அந்தத் தாள் ஒண்ணு எனக்கும் குடுங்க" என்றாள். டைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

மேற்பார்வை அம்மாளுக்கு அப்புறம் கூப்பிட்டு அனுப்பும் வேலை வரவில்லை. சோதனைக் காலம் முடிந்து ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சமையல்காரரின் கணுக்காலில் கட்டைப் பிரித்தாள். பஞ்சு சுத்தமாக வந்தது. புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், ஒரு மூலைகூட விடாமல் மூடியிருந்தது. விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சா? அப்போ இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பிடலாமே. என்ன தங்கச்சி, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கே?"

"அஞ்சு நிமிஷம், அண்ணே" என்றாள்.

வண்டியை நிறுத்திய பத்தாவது நிமிஷம் கீழே இறங்கிப் போய்ச் சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பியது.