பெல்ட் போட்ட பொம்மைக்கு ஐந்து நட்சத்திரம்

காப்பீட்டு அலுவலகத்தில் இடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுவது அவர் வேலை. எந்தக் காரைப் பார்த்தாலும் அது நசுங்கினால் எப்படி இருக்கும் என்றே யோசிப்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ‘நசுக்கல்’ என்று பெயர். மகள் மறுபடி வேலைக்குப் போகப் போகிறாள். ஒரு வயதுப் பேத்தியைத் தினமும் காப்பகத்தில் கொண்டுவிடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பழைய காரில் அவளை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

புதுக் கார் தேடியதில் கடைசியில் இரண்டு செடான்கள் மிஞ்சின, ஒன்று நீலம், மற்றது சாம்பல் நிறம். நீலத்துக்கு மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். சாம்பலுக்கு மூன்றுதான், மோதியதும் ஓட்டுநரின் காலடித் தளம் பிளந்துகொண்டது, பின்சீட்டுக் குழந்தைப் பொம்மையின் தலை முன்சீட்டில் போய் முட்டியது. அந்தச் சோதனையின் வீடியோவைப் பார்த்துப் பார்த்தே பொம்மை அவருக்கு ஏறக்குறைய உறவாகிவிட்டது.

குடும்பத்தின் சோதனை முறை வேறு. ஷோரூமில் மைத்துனர் சாம்பல் காரின் கதவை அறைந்து சாத்தினார்.

“சத்தத்தைக் கேளுங்க மச்சான். தொம்முனு விழுது. இதுக்கு மேல என்ன பாதுகாப்பு?”

“இடிக்க வர்றவன் கதவைத் தட்டிட்டா வருவான்?”

மனைவி தர்பூசணி வாங்குகிறவளைப் போல நீலத்தைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “தகரம்ங்க. அந்தக் கார்ல மேல ஜன்னல் இருக்கு, பாப்பா வானத்தைப் பாத்துட்டே வரும்.”

“வானத்தைப் பாக்கலாம். காலுக்குக் கீழ தளம் பிளக்குதே, அதை யாரு பாக்குறது?”

ஒற்றைக்காலில் நின்று நீலத்தையே வாங்கினார்.

முதல் நாள் காலை. பின்சீட்டில் மனைவி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டாள். புதுக் குழந்தை இருக்கையில் சாப்பாட்டுப் பை சொகுசாகச் சாய்ந்திருந்தது. பெல்ட் போடச் சொல்லிக் கார் பீப் பீப் என்று கத்தியது. பேத்தி கைதட்டிச் சிரித்தாள். வழியனுப்ப வந்த மைத்துனர், தன் பரிசாக, பெல்ட்டின் நுனி போன்ற ஓர் உலோகத் துண்டை மனைவி பக்கத்துப் பெல்ட் பூட்டில் சொருகினார். பெல்ட் போட்டதாகக் கார் நம்பி வாயை மூடியது. பேத்தி வீறிட்டாள்.

நசுக்கல் வண்டியை அணைத்தார். துண்டைப் பிடுங்கி மைத்துனர் கையிலேயே கொடுத்தார்.

“அஞ்சு நட்சத்திரமும் பெல்ட் போட்ட பொம்மைக்குக் குடுத்தது. பாப்பாவ இருக்கையில வை. நீயும் பெல்ட்டப் போடு.”

“பொம்மைக்கு வாய் இருந்தா அதுவும் கழட்டுன்னுதான் சொல்லியிருக்கும்” என்றபடி மனைவி பையை இறக்கினாள்.

இருவருக்கும் பெல்ட் ஏறியது. காரில் சத்தமே இல்லை. பேத்தி மட்டும் கூரை பறக்க அழுதாள்.

“பாத்தீங்களா? இருக்கை பிடிக்கல. எங்கிட்டயே குடுங்க.” மனைவியின் கை குழந்தையின் பெல்ட்டை அவிழ்க்கப் போனது.

நசுக்கலுக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்ற மகளுக்கே ஒரு தாலாட்டுப் பாடாத மனிதர், தொண்டையைச் செருமினார். “பீப்... பீப்...”

அழுகை நின்றது. சிரிப்பு வந்தது. கார் நகர்ந்தது.

சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கினார். “என்ன சார், உடம்பு ஏதும் சரியில்லையா?”

பதில் சொல்லப் பீப்பை நிறுத்தினால் பேத்தி அழுது, பாட்டி மடிக்குப் போய்விடுவாள். நசுக்கல் சாலையைவிட்டுக் கண் எடுக்காமல், “பீப்” என்றார்.