அடுத்த ஸ்டேஷனில் இறங்கியவள்

லண்டனிலிருந்து நான் ரொறன்ரோவில் வந்திறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். என் அக்கா பவளத்தின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து இரண்டு கிழமையாகியிருந்தது. காலை முறித்துக்கொண்டு படுத்திருந்ததால் செத்தவீட்டுக்கு வர எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மோர்னிங்சைட் வீட்டு வாசலில் அத்தான் நின்றார். "வா பிள்ளை" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு, காலை பதினொன்றரை. இஸ்திரி போட்ட சேட்டுடன் அத்தான் படியால் இறங்கி வந்தார்.

"படத்துக்குப் போவம்."

அக்கா போன பிறகு கோயிலுக்குக்கூடப் போகாத மனிதர். டவுன்ரவுணில் பழைய ஹொலிவூட் படங்கள் காட்டும் தியேட்டர் ஒன்று உண்டு. அன்று அங்கே, கலியாணமான புதிதில் யாழ்ப்பாணத்தில் அவர்கள் இருவரும் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அஜக்ஸ் நகரில் இருக்கும் அத்தானின் மகள் மதுரா போன் எடுத்தாள்.

"சித்தி, லிசின். அந்தப் படத்தின்ர என்டிங் சரியான சாட். ஹீரோயினுக்குத் தீராத வருத்தம், சாகப்போறா. அதைச் சொல்லாமலே ட்ரெயின்ல போயிடுவா. அம்மா அதை மாத்தி, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வாறா எண்டு அப்பாக்குச் சொல்லி வச்சிருக்கிறா. நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ, ப்ளீஸ். இப்ப அவர் தாங்கமாட்டார்."

இதை விளக்க வேண்டும். இங்கிலிஸ் தெரிந்தவர் தெரியாதவரின் காதில் கதை சொல்வது அந்தக்கால யாழ்ப்பாணத் தியேட்டர்களில் வழமை. அக்கா கொன்வென்ரில் படித்தவள். அத்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம். அவள் குசுகுசுப்பதைக் கேட்க முன்வரிசைக்காரரும் தலையைச் சரிப்பார்களாம். கனடாவுக்கு வந்தும் அவள் அதை விடவில்லை.

பஸ்ஸில் கெனடி ஸ்டேஷன், அங்கிருந்து சப்வே. ரயில் பள்ளத்தாக்குப் பாலத்தில் ஏறியதும் அத்தான் யன்னலில் விரலை வைத்தார்.

"உந்த உயரமான பில்டிங்குகள் தெரியுதே? சென் ஜேம்ஸ் ரவுண். வந்த புதிசில உதிலதான் இருந்தனாங்கள். ஒரு அறையில ஆறு பேர். கொக்கா மட்டும் படத்துக்குப் போகாமல் இருக்கமாட்டா." "உன் அக்கா" என்பதை அவர் "கொக்கா" என்பார்.

டிக்கெட் ஆளுக்குப் பத்து டொலர். நடைபாதைச் சுவரில் அந்தக்கால நட்சத்திரங்கள் எல்லோரும் அதே வெள்ளைப் பல்லுடன் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மேடைக்கு வந்து பின்கதை சொன்னார். கதாநாயகனும் நாயகியும் நிஜத்தில் முகம் பார்த்துப் பேசாதவர்களாம். கடைசிப் பிரிவுக் காட்சியன்று அவன் வரவேயில்லை. விளக்குக் கம்பம் ஒன்றை அவனாக நினைத்துக்கொண்டு அவள் தனியே பேசி நடித்தாளாம். சனம் சிரித்தது.

படம் ஓடியது. நான் அத்தானின் காதுப்பக்கம் சாய்ந்து சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையாட்டினார். கடைசியில் ரயில் புகை விட, அந்தப் பெண் யன்னலால் குனிந்து, தன்னைத் தேடி வரவேண்டாம் என்றாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் அத்தான்.

அவர் காதுக்குக் கிட்டக் குனிந்தேன். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வாறாவாம், அத்தான். அவரை அங்கேயே நிக்கட்டாம்."

விளக்குப் போட்ட பிறகும் அவர் எழும்பவில்லை. சனம் எங்களைத் தாண்டிப் போய் முடிந்தது.

"முப்பது வருசத்துக்கு மேல இஞ்ச பக்டரியில வெள்ளைக்காரனோட வேலை செய்தனான், பிள்ளை. உந்த இங்கிலிஸ் எனக்கு விளங்காதே?"

எடுத்த கைப்பையைத் திரும்ப மடியில் வைத்தேன்.

"தெரியுமெண்டால் அக்காட்டை ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னால் அவ கதை சொல்லுறதை விட்டிடுவாவெல்லே. அதுக்குத்தானே நான் படத்துக்கே போறனான்." கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். "அந்த நடிகையும் பாவம், தனிய நிண்டு கதைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில நானும் உப்பிடித்தான். கடைசி மூண்டு நாளும் கொக்கா கண் திறக்கேல்லை. நான்தான் கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

அங்கேயே இருவரும் அழுதோம். தியேட்டரைக் கூட்ட வந்த பெடியன் எங்களைக் கண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டான்.

திரும்பி வரும் ரயிலில் அந்தப் படத்துக்கு அக்கா வைத்த முடிவை அத்தான் எனக்குச் சொன்னார். கதாநாயகி அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறாள். திரும்பிப் போக வண்டி இல்லை. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டவாளம் வழியே நடக்கிறாள். விடியும்போது அவன் அதே மேடையில் நிற்கிறான். இவ்வளவையும் அக்கா தன்பாட்டில் கட்டியிருக்கிறாள், திரை இருண்டு சனம் எழும்புகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்.

புதன்கிழமை விமான நிலையத்தில் "போட்டு வாறன், அத்தான்" என்றேன். வழியனுப்ப வந்து நின்ற மதுராவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "தாங்ஸ் சித்தி" என்றாள்.

லண்டனில் எங்கள் வீட்டிலும் படம் ஓடும். கீழே எழுத்தும் ஓடும். நானும் என் கணவரும் ஆளுக்கொரு சோபாவில் இருந்து வாசிப்போம். கதையைக் காதில் சொல்ல ஒருவரும் தேவையில்லை. எங்கள் திரையில் போனவள் போனவள்தான், ஒரு ஸ்டேஷனிலும் இறங்கமாட்டாள்.