குணரெட்ணம் கட்டிய வலை

தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக்கூடாது என்று என்னைப் பழக்கியவர் குணரெட்ணம். அவர் போய்விட்டார் என்ற செய்தியும் அப்படியோர் இலக்கத்திலிருந்துதான் வந்தது. முதல் நாள் அதே இலக்கத்திலிருந்து வந்த அழைப்பை இரண்டு தடவை வெட்டியிருந்தேன். மறுநாள் காலை மனம் கேளாமல் எடுத்தேன். அவருடைய மகள் பேசினாள்.

எங்கள் ஊரான கிரானில் அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மனுஷன் லேசில் யாரையும் நம்பமாட்டார். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து மணந்து பார்த்துத்தான் குடிப்பார். பென்சன் எடுத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

அவருடைய பழைய கார் ஓடும்போது சூடேறிக் கொதிக்கத் தொடங்கியது, நெல் அறுக்கும் ஒரு வேளாண்மை வெட்டுக் காலத்தில். மனைவி மலரக்காவுக்கு முழங்கால் மடங்காது, பஸ்ஸில் ஏற முடியாது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போகவேண்டும். எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க வழியே இல்லை.

தன்னாமுனையில் கராஜ் வைத்திருக்கும் சீலனிடம் கொண்டுபோனோம். சீலன் எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தான். "ஒரு பிழையும் இல்ல ஐயா, கொண்டு போங்க" என்றான். காசும் வாங்கவில்லை. குணரெட்ணத்துக்கு அதுதான் இடித்தது.

"காசு வேணாம் எண்டு சொல்ற மெக்கானிக்க எங்கயும் கண்டிருக்கிறீங்களா? எஞ்சின் முழுசாப் போகட்டும் எண்டு பார்த்திட்டிருக்கிறான்" என்றார். அதை ஊர் முழுக்கவும் சொன்னார்.

பிறகு வீட்டிலேயே ஆராய்ச்சி. றேடியேட்டர் மூடியை மாற்றினார். சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிச் சோற்றுப் பானைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தார். சூடேறியதும் அது ஒழுங்காகத்தான் வாயைத் திறந்தது. மலரக்கா அந்தப் பானையில் பிறகு சமைக்கவில்லை. யாரோ உப்பு வாவித் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்று றேடியேட்டர் தண்ணீரை நாக்கில் தொட்டும் பார்த்தார். ஒருநாள் காரை இரவல் வாங்கிய என்னையும் ஒருமாதிரிப் பார்த்தார். எனக்கு அது சுட்டது. ஆனால் எனக்கும் சீலன் மேல் சந்தேகம் இருந்தது.

ஒரு கிளினிக் நாள் நானும் கூடப் போனேன். வழியில் செங்கலடிக்குக் கிட்டப் போகும்போது மறுபடியும் ஆவி கிளம்பியது. பின்சீற்றிலிருந்து மலரக்கா மெதுவாகச் சொன்னார்:

"கராஜுக்குப் போகக்குள்ள மட்டும் அந்த வலையக் கழட்டி வச்சிட்டுப் போறீங்க. அங்க கொதிக்கிறதும் இல்ல."

தெருவில் நெல் காயப்போடும் காலம். பதர் றேடியேட்டருக்குள் போய்விடும் என்று, கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையொன்றைப் பல மடிப்பாக மடித்துக் காரின் முகத்தில் கட்டியிருந்தார். கராஜில் அதைக் கை துடைக்க எடுத்துவிடுவார்கள் என்று, போகும்போதெல்லாம் கழற்றி வீட்டில் பூட்டி வைப்பார். குனிந்து பார்த்தோம். வலை முழுக்கப் பதரும் தூசும் அடைத்துக் காற்றுப் போக இடமில்லை. அவிழ்த்த பிறகு, சூடு காட்டும் முள் ஆஸ்பத்திரி வரைக்கும் அசையவில்லை.

திரும்பும்போது தன்னாமுனையில் தானாகவே காரை நிறுத்தினார். கராஜில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் சொன்னார்: "தம்பி, உன்னில பிழை இல்ல. அது நான் கட்டின வலை."

சீலன் தேத்தண்ணி எடுப்பித்தான். அதை அவர் மணந்து பார்க்காமல் குடித்தார்.

செத்த வீட்டில் சீலன்தான் பந்தலுக்குக் கதிரை இறக்கிக்கொண்டு நின்றான். மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"முதல் நாள் ஆஸ்பத்திரியில இருந்து அப்பாதான் உங்களுக்குக் கோல் எடுக்கச் சொன்னவர், மாமா. என்ட புது நம்பர். நீங்க வெட்ட வெட்டச் சிரிச்சவர். 'அவரில பிழை இல்ல பிள்ள, அது நான் கட்டின வலை' எண்டவர்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வசனம். இப்போது தெரியாத இலக்கம் அடித்தாலும் எடுக்கிறேன். நம்பாமல்தான் பேசுகிறேன். ஆனாலும் எடுக்கிறேன்.